பூட்டியாச்சு

அலுவலகத்தில் அவளுக்கு மிளகாய் என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆனால் காபி மெஷின் பக்கம் அவள் போனால், அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவர்களுக்குத் திடீரென்று கையிலிருக்கும் கப்புக்குள் எதையாவது ஆராய வேண்டியிருக்கும். அதை வைத்தே தெரிந்துகொண்டாள். வருத்தப்படவில்லை. முட்டாள்களிடம் நல்ல பெயர் வாங்கவா ஒருத்தி காலையில் எழுந்து குளித்துக் கிளம்பி வருகிறாள் என்பது அவள் கட்சி.

கம்பெனி விற்றது பூட்டு. சாவி இல்லாத பூட்டு. கதவில் மாட்டிக் கொடுத்துவிடுவார்கள். போனிலோ கம்ப்யூட்டரிலோ ஒரு பக்கத்தைத் திறந்து பொத்தானை அமுக்கினால் கதவு திறக்கும். இன்னொன்றை அமுக்கினால் பூட்டிக்கொள்ளும். குடியிருப்புகள், கிடங்குகள், ஒரு பல் மருத்துவமனை, குழந்தைகள் காப்பகம், முதியோர் இல்லம் என்று கலவையான வாடிக்கையாளர்கள். முதலாளி அந்தக் காலத்தில் இரும்புக் கடை வைத்திருந்தவர். அவர் வீட்டு வாசலில் இன்றைக்கும் தொங்குவது உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பித்தளைப் பூட்டு. வெளியே கிளம்பும்போது அதில் இரண்டு கையாலும் தொங்கிப் பார்த்துவிட்டுத்தான் காரில் ஏறுவார். தன் கம்பெனிச் சரக்கைத் தன் வீட்டுக்கு ஏன் மாட்டவில்லை என்று அவரிடம் கேட்கும் துணிச்சல் ஒருவருக்கும் இல்லை. அவள் ஒரு தடவை கேட்டாள். அந்த வருடம் அவளுக்குச் சம்பள உயர்வு வரவில்லை.

பொத்தானை அமுக்குகிறவர்கள் பார்ப்பதெல்லாம் வெப் சர்வர் காட்டுகிற முகத்தைத்தான். பளபளவென்று இருக்கும், பெயர் சொல்லி வணக்கம் வைக்கும். ஆனால் அதற்கு ஒரு பூட்டோடும் நேரே பேசத் தெரியாது. 'இந்தக் கதவைப் பூட்டு' என்று ஒரு சீட்டெழுதி வரிசையில் போடும், அவ்வளவுதான். யார் கண்ணிலும் படாமல் பின்னணியில் இன்னொரு புரோகிராம் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். அது அந்தச் சீட்டை எடுத்து, உரிய பூட்டைக் கூப்பிட்டு, விஷயத்தைச் சொல்லி, பூட்டு 'ஆச்சு' என்று சொல்லும்வரை பொறுத்திருந்து, அந்தப் பதிலைச் சர்வரிடம் திருப்பிக் கொடுக்கும். அதை எழுதியது அவள். அதற்கு முகம் கிடையாது, வணக்கமும் தெரியாது. அதனாலேயே அவளுக்கு அதைப் பிடிக்கும்.

சர்வர் பக்கம் மாப்பிள்ளையின் பொறுப்பு. முதலாளியின் மூத்த மகளைக் கட்டியவர். விசிட்டிங் கார்டில் அவர் பெயரும் அதன் கீழே 'வாடிக்கையாளர் அனுபவத் தலைவர்' என்ற பதவியும் தடித்த எழுத்தில் இருக்கும். இருந்தும் வாட்ச்மேன் முதல் கணக்குப் பிள்ளை வரை எல்லோருக்கும் அவர் மாப்பிள்ளைதான். முன்பு ஏதோ விளம்பரக் கம்பெனியில் இருந்தாராம். வெளிர் நிறச் சட்டை, சிரித்த முகம், எதைச் சொன்னாலும் "அருமை" என்பார். கெட்ட மனிதர் இல்லை. கெட்ட மனிதராக இருந்திருந்தால் அவளுக்கு இன்னும் கொஞ்சம் மரியாதை இருந்திருக்கும்.

பொத்தானை அமுக்கியதும் திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்றும். பின்னாலிருந்து பதில் வந்த பிறகு பச்சை டிக் விழும், 'பூட்டியாச்சு' என்று எழுத்து வரும். சில பூட்டுகள் மசமசவென்று பதில் சொல்லும். அப்போது வட்டம் கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டே இருக்கும். மாப்பிள்ளைக்கு அந்த வட்டத்தைக் கண்டாலே ஆகாது. மக்களுக்கு அதைப் பார்த்தால் பதற்றம் வருகிறது என்று ஒரு கூட்டம் போட்டு, பதற்றமான முகங்களின் படங்களைச் சுவரில் காட்டி விளக்கினார். பொத்தானை அமுக்கிய கையோடு டிக் விழுந்துவிட வேண்டும், வேலை பின்னால் மெதுவாக நடக்கட்டும் என்பது அவர் கண்டுபிடிப்பு.

"அதாவது, பூட்டுறதுக்கு முன்னாடியே பூட்டியாச்சுன்னு சொல்லப்போறோம்," என்றாள் அவள்.

"எப்படியும் பூட்டத்தானே போகுது மேடம்?"

"அப்போ பொண்ணு பாத்துட்டு வந்த அன்னிக்கே பேரன் பொறந்தாச்சுன்னு எல்லாருக்கும் இனிப்பு குடுத்துடலாம். எப்படியும் பொறக்கத்தானே போறான்."

அறை முழுக்கச் சிரித்தது. முதலாளியும் சிரித்தார். சிரித்து முடித்த பிறகுதான், பெண் பார்த்தது யார், அது யாருடைய பெண் என்று அவருக்கு உறைத்தது. முகம் இறுகிவிட்டது. மாப்பிள்ளை சொன்னபடியே செய்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்துபோனார். அவளும் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. நன்றாகச் சொன்னோம் என்ற திருப்தியே அன்றைக்குப் போதுமானதாக இருந்தது. அந்தப் பேச்சு மாடிக்கு மாடி ஏறி இறங்கி, சாயந்திரத்துக்குள் அவள் காதுக்கே திரும்பி வந்தது.

அவளுடைய புரோகிராம் வழக்கம்போல ஒவ்வொரு பதிலையும் கொண்டுவந்து வைத்துக்கொண்டுதான் இருந்தது. எடுத்துப் பார்க்கத்தான் சர்வரில் ஆள் இல்லை.

அதற்கப்புறம் புகார்கள் வர ஆரம்பித்தன. திரையில் 'திறந்தாச்சு' என்று இருக்கிறது, கதவு அசையமாட்டேன் என்கிறது. போன் எடுக்கிற பெண்ணுக்கு மாப்பிள்ளை ஒரு வாசகம் எழுதிக் கொடுத்தார்: கதவைக் கொஞ்சம் அழுத்தித் தள்ளிப் பாருங்கள். அந்தப் பெண் அதை ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை கிளிப்பிள்ளை மாதிரி சொல்லிக்கொண்டிருந்தாள். தள்ளிக்கொண்டிருக்கும்போதே பின்னால் வரிசை நகர்ந்து, பூட்டு பாட்டுக்குத் திறந்துவிடும். தள்ளியதால்தான் திறந்தது என்று அவர்களும் நன்றி சொல்லி வைத்துவிடுவார்கள். பல் மருத்துவமனையில் ஒருவர் தோளால் இடித்து, தோளைப் பிடித்துக்கொண்டு எலும்பு மருத்துவரிடம் போனார். 'திறந்தாச்சு' என்று வருகிற இடத்தில் அது உண்மையில்லை என்றால் யாராவது வாசலில் நின்று கத்துவார்கள், தெரிந்துவிடும். 'பூட்டியாச்சு' என்று வருகிற இடத்தில் யாரும் நின்று பார்ப்பதில்லை. அதை அவள் யோசிக்காமல் இல்லை. யோசித்தாள், அதை வைத்தும் இரண்டு கிண்டல் தயார் செய்து வைத்திருந்தாள்.

அவள் அக்கா ஒரு முதியோர் இல்லம் நடத்திவந்தாள். முப்பது வருடம் நர்ஸாக இருந்து, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, இரண்டு வீடுகளை ஒன்றாகச் சேர்த்து இடித்துக் கட்டிய இடம். நினைவு தப்பிப்போனவர்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் இல்லம் என்பதால் கதவுகள் முக்கியம். தங்கச்சி வேலை பார்க்கிற கம்பெனி என்று பெருமையாகச் சொல்லி எல்லா வாசலுக்கும் அந்தப் பூட்டுகளைத்தான் வாங்கி மாட்டினாள். வாங்காதே என்று அவளும் சொல்லத்தான் சொன்னாள். எப்படிச் சொன்னாள்? ஒரு ஞாயிற்றுக்கிழமை, இல்லத்து மாடியிலேயே இருக்கும் அக்கா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே, எங்கள் பூட்டைப் போட்டால் திருடனுக்கு ஏணி வாங்குகிற செலவு மிச்சம் என்றாள். அக்கா சிரித்துவிட்டு இன்னொரு கரண்டி பரிமாறினாள். அதே சாப்பாட்டின்போது அவள் அக்கா வீட்டு ஃபேனையும், அத்தானின் மீசையையும், எதிர்வீட்டுக்காரர் வாங்கிய காரையும் அதே குரலில் ஒரு பிடி பிடித்திருந்தாள்.

அந்த இல்லத்தில் ஒரு பஸ் டிரைவர் இருந்தார். ஓய்வு பெற்று வெகுகாலம் ஆகியிருந்தது. மனைவி பெயர் மறந்துவிட்டது, மகள் வந்தால் யாரென்று கேட்பார். ஆனால் தன் வண்டி ஓடிய வழியில் ஒரு நிறுத்தம்கூட மறக்கவில்லை. காலையில் எழுந்ததும் முகம் கழுவி, தலைவாரி, டியூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று வாசலுக்கு வந்து நிற்பார். கதவு பூட்டியிருக்கும். இழுத்துப் பார்த்துவிட்டு, இன்றைக்கு வண்டி சர்வீஸுக்குப் போயிருக்கிறதாக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போய் உட்கார்ந்துவிடுவார். தினமும் இதேதான்.

ஒரு நாள் காலையில் துணி வெளுக்கிற வண்டி வந்து, மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போயிற்று. அதற்காகப் பின்வாசலைத் திறந்த பணிப்பெண், வண்டி போனதும் சுவரிலிருந்த திரையில் பொத்தானை அமுக்கினாள். பச்சை டிக் விழுந்தது. பூட்டியாச்சு. கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அக்கா போன் செய்தபோது அவள் அப்போதுதான் அலுவலக நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அக்காவின் குரல் நர்ஸ் குரலாக இருந்தது, தட்டையாக. டிரைவரைக் காணோம். எல்லா அறையும் பார்த்தாகிவிட்டது. எல்லாக் கதவும் பூட்டியிருப்பதாகத்தான் திரை காட்டுகிறது, அதனால் உள்ளேதான் எங்கேயோ இருக்க வேண்டும் என்று கட்டிலுக்கடியிலும் அலமாரிக்குள்ளும் தேடிக்கொண்டிருக்கிறோம் என்றாள்.

"பின்வாசலைக் கையால இழுத்துப் பாரு," என்றாள் அவள்.

"அது பூட்டியிருக்குடி. இதோ டிக் தெரியுது."

"திரையைப் பாக்காத. போய் இழு."

அக்கா போகிற செருப்புச் சத்தம் போனில் கேட்டது. அவள் அதற்குள் வரிசையைத் திறந்து பார்த்தாள். ஏதோ ஒரு கிடங்குக் கதவு, பேட்டரி தீர்ந்துபோய்ப் பேசமுடியாமல் கிடந்தது. அவளுடைய புரோகிராம் அதன் பதிலுக்காக மரியாதையாகக் காத்து நின்றுகொண்டிருந்தது. அதன் பின்னால் சீட்டுகள் வால்போல நீண்டிருந்தன. அந்த வாலின் நடுவில், யாரும் எடுக்காமல், அக்கா இல்லத்துப் பின்வாசல் சீட்டு கிடந்தது.

போனில் கதவு கிறீச்சிடுகிற சத்தமும், தெருவின் இரைச்சலும் ஒன்றாக வந்தன.

அவள் சிக்கி நின்ற கிடங்குச் சீட்டை ஒதுக்கித் தள்ளி வரிசையை நகர விட்டாள், பையைக்கூட எடுக்காமல் கிளம்பினாள். வழியில் மாப்பிள்ளை எதிர்ப்பட்டு வணக்கம் சொன்னார். அவள் அவரை ஒரு தூணைப்போலச் சுற்றிக்கொண்டு போனாள். வரிசை நகர்ந்து அந்தப் பின்வாசல் இந்நேரம் தானாகப் பூட்டிக்கொண்டிருக்கும், வெளியே போய்விட்ட பெரியவருக்கு இனி அது எதற்கு.

அக்காவும் அவளும் இரண்டு தெருவாகப் பிரிந்து தேடினார்கள். மருந்துக்கடை, டீக்கடை, பூங்கா பெஞ்சு. பைஜாமா போட்ட உயரமான ஒரு பெரியவர் என்று கேட்டால், எல்லோரும் பார்த்தமாதிரி இருக்கிறது என்றார்கள், ஆளுக்கொரு திசையைக் காட்டினார்கள். பெரிய சாலையில் லாரிகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு போயின. டியூட்டிக்கென்று கிளம்பியவர் அதைக் கடந்துதான் போயிருக்க வேண்டும். பஸ் டெப்போ அந்தச் சாலைக்கு மறுபுறம்.

அங்கேதான் இருந்தார். டெப்போ வாசல் நிறுத்தத்தில் நின்ற ஒரு பஸ்ஸின் டிரைவர் சீட்டில், பைஜாமாவோடு, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். ஒரு கை ஸ்டீயரிங்கில். உண்மையான டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தார், சாவி அவர் பையில். வண்டி நிறையப் பயணிகள் உட்கார்ந்திருந்தார்கள். பைஜாமாவைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. செருப்பில்லாத காலை ஒருவரும் பார்க்கவில்லை. சீட்டில் ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவு போதும் அவர்களுக்கு. ஏன் இன்னும் வண்டி கிளம்பவில்லை என்று ஒருவர் மட்டும் கடிகாரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்.

அக்கா படியேறிப்போய் அவர் தோளைத் தொட்டாள். டியூட்டி முடிஞ்சது, அடுத்த ஆள் வந்தாச்சு என்றாள். அவர் கண்ணாடியில் பின்னால் ஒரு தடவை பார்த்தார், கியரை நியூட்ரலில் தள்ளினார், சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு இறங்கினார். பாதத்தில் ஒரு கண்ணாடிச் சில்லு ஏறி ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அவருக்கு அது தெரியவில்லை.

இல்லத்தில் அவர் காலைக் கழுவிக் கட்டுப்போடும்போது அக்கா தலைநிமிராமல் கேட்டாள். டிக் வந்தால் பூட்டியதாக அர்த்தமில்லையா? இல்லை என்றாள் அவள். எத்தனை நாளாக? அதையும் சொன்னாள். எப்படி நடந்தது என்று மாப்பிள்ளையின் கூட்டத்தைச் சொல்லத் தொடங்கி, பதற்றமான முகங்களின் படங்கள் வந்த இடத்தில் அவள் குரல் தானாகவே அந்தப் பழைய தாளத்துக்குப் போனது. அக்கா கத்தரியைக் கீழே வைத்தாள்.

"இது தெரிஞ்சும் நீ எங்கிட்ட சொல்லலையா?"

"சொன்னேனே. அன்னிக்குச் சாப்பிடும்போது சொன்னேன்ல. திருடனுக்கு ஏணி..."

"என் வீட்டு ஃபேனையும் அப்படித்தான் சொன்ன. உங்க அத்தான் மீசையையும் அப்படித்தான் சொன்ன. நீ திட்டாத சாமான் இந்த உலகத்துல இருக்கா? அதுல எது நிஜம்னு நான் எப்படிடி கண்டுபிடிக்கிறது?"

அக்கா மறுபடியும் கட்டைச் சுற்ற ஆரம்பித்தாள். டிரைவர் இருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, சண்டை போடாமல் டிக்கெட் எடுங்கள் என்றார்.

மறுநாள் கம்பெனியில் கூட்டம். முதலாளிக்கு அக்கா நேரடியாகவே போன் செய்து, நர்ஸ் குரலில், சுருக்கமாகப் பேசியிருந்தாள். அதில் அவர் கொஞ்சம் வெளுத்துப் போயிருந்தார். மாப்பிள்ளை வழக்கமான சிரிப்பைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு வந்து, இது ஒரு தகவல் தொடர்பு இடைவெளி என்று ஆரம்பித்தார். யார் மேலும் தவறில்லை, இரண்டு குழுக்களுக்கிடையே புரிதல் வளர வேண்டும், அதற்கு ஒரு நாள் எல்லோரும் சேர்ந்து ஏதாவது ரிசார்ட்டுக்குப் போகலாம் என்றார். ஒரு கிழவர் லாரிகளுக்கு நடுவே வெறுங்காலோடு சாலையைக் கடந்ததற்கு இவர் கண்டுபிடித்த மருந்து ரிசார்ட். சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் தலையாட்டினார்கள். போன் எடுக்கிற பெண்கூட ஆட்டினாள், பாவம். அந்தப் பெண்ணால் ஆட்டாமல் இருக்க முடியாது.

அவள் ஆரம்பித்தாள். திரையில் பொய் சொல்ல வைத்தது யார் என்று கேட்டாள். பின்னால் பதில் வந்து குவிந்துகொண்டிருந்ததையும், அதை எடுக்கச் சர்வருக்கு நேரமில்லாமல் போனதையும் சொன்னாள். நன்றாகவே சொன்னாள். ஓரிரண்டு பேர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார்கள்.

மாப்பிள்ளை பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"சரி மேடம். ஒரு கிடங்கோட பேட்டரி தீர்ந்துபோனா, அதுக்குச் சம்பந்தமே இல்லாத முதியோர் இல்லம் எதுக்கு அது பின்னாடி க்யூவில நிக்குது? அது நான் எழுதினது இல்லையே."

அவருக்கு அந்தக் கேள்வியை யாரோ சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும் என்று முதலில் நினைத்தாள். யார் சொல்லிக் கொடுத்தால் என்ன, கேள்வி சரியாக இருந்தது. பதில் சொல்லாத பூட்டை ஒதுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகவேண்டும் என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். வட்டம் சுற்றிக்கொண்டிருந்த காலத்தில், சிக்கினால் முன்னால் தெரிந்துவிடும், யாராவது கூப்பிடுவார்கள் என்று விட்டிருந்தாள். டிக் வந்த பிறகாவது மாற்றியிருக்கலாம். மாற்றவில்லை. மாப்பிள்ளையின் அழகான முகம் ஒருநாள் எல்லோர் முன்னாலும் கிழியட்டும் என்று காத்திருந்தாள் என்பதை அவள் அந்த அறையில் யாரிடமும் சொல்லவில்லை. தனக்குத்தானே சொல்லிக்கொண்டதே அப்போதுதான்.

"அது என் தப்புதான். இன்னிக்கே மாத்திடறேன்," என்றாள்.

மிளகாய் தப்பை ஒத்துக்கொண்டு அந்த அலுவலகம் பார்த்ததில்லை. என்ன முகபாவம் வைத்துக்கொள்வது என்று தெரியாமல் எல்லோரும் முதலாளியைப் பார்த்தார்கள். முதலாளி, வட்டத்தைத் திரும்பச் சுற்ற விடுங்கள் என்றார். ஆனால் அது தயாராகும்வரை வெளியில் யாரிடமும் மூச்சு விடக்கூடாது, வியாபாரம் படுத்துவிடும் என்றும் சொன்னார். தன் வீட்டுப் பித்தளைப் பூட்டின் சாவி அவர் சட்டைப்பையில் துருத்திக்கொண்டு தெரிந்தது.

அவள் தன் இடத்துக்குத் திரும்பி, தன் புரோகிராமைத் திருத்தி முடித்தாள். அது பெரிய வேலையாக இல்லை. அதுவே அவளை உறுத்தியது. சர்வர் பக்கம் மாற்றுவதற்கு இன்னும் நாளாகும். அதுவரை திரைகள் எல்லாம் பச்சைப் பொய்யைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கும். பூட்டவில்லை என்றால் உயிருக்கே ஆபத்தான இடங்கள் எவை என்று யோசித்தாள். அப்படி நிறைய இல்லை. போனை எடுத்தாள்.

குழந்தைகள் காப்பகத்தை முதலில் கூப்பிட்டாள். எடுத்த அம்மாள் யார் பேசுவது என்று கேட்டார். கம்பெனியின் பெயரைச் சொல்லி, பூட்டோடு பேசுகிற வேலையைப் பார்ப்பவள் என்றாள். திரையில் பூட்டியாச்சு என்று வந்தால் அதை நம்ப வேண்டாம், சில நாளைக்கு ஒவ்வொரு கதவையும் கையால் இழுத்துப் பாருங்கள் என்றாள். இதைக் கிண்டல் இல்லாமல் சொல்வது அவளுக்குப் புதுச் செருப்புப் போட்டு நடப்பதுபோல் இருந்தது. எங்கே கடிக்கும் என்று தெரியாமல் அடியெடுத்து வைத்தாள்.

"நீங்க விளையாடறீங்களா?" என்றார் அந்த அம்மாள்.

"இல்லைங்க. இப்பவே ஒரு தடவை இழுத்துப் பாத்துட்டு வாங்க. நான் லைன்லயே இருக்கேன்."

இருந்தாள். தூரத்தில் குழந்தைகள் கத்துவது கேட்டது. அந்த அம்மாள் திரும்பிவந்து, வாசல் பூட்டியிருக்கிறது, தோட்டத்துக் கதவு மட்டும் திறந்து கிடக்கிறது என்று மூச்சிரைக்கச் சொன்னார். வரிசை நகர்ந்துகொண்டுதான் இருந்தது, இது பேட்டரி தீர்ந்த இன்னொரு பூட்டு. அதை மாற்ற ஆள் அனுப்புவதாகச் சொல்லிவிட்டு அடுத்த எண்ணுக்குப் போனாள்.

பாதியில் முதலாளி வந்து மேசைக்கருகில் நின்றார். யாரைக் கேட்டுக் கூப்பிடுகிறாய் என்றார். பின்னால் மாப்பிள்ளையும் வந்து நின்றார். முன்பாயிருந்தால் அவள் இருவரையும் சேர்த்து ஒரே வீச்சில் முடித்திருப்பாள். யாரையும் கேட்கவில்லை, இன்னும் மூன்று இடம் பாக்கியிருக்கிறது, முடித்துவிட்டு வந்து பேசுகிறேன் என்று மட்டும் சொன்னாள். முதலாளிக்கு அந்தக் குரல் பழக்கமில்லை. திட்டினால் திருப்பித் திட்டலாம். இதற்கு என்ன செய்வது என்று தெரியாமல் சற்று நின்றுவிட்டுப் போய்விட்டார். மாப்பிள்ளை மட்டும் குனிந்து, இதையெல்லாம் போனில் சொல்வதற்குப் பதில் ஓர் அழகான மின்னஞ்சலாக அனுப்பியிருக்கலாமே, தானே வடிவமைத்துக் கொடுத்திருப்பேனே என்றார், மெய்யாகவே வருத்தப்பட்டு. அவள் கண்ணை மூடித் திறந்து, அடுத்த எண்ணை அமுக்கினாள்.

ஒரு வாடிக்கையாளரும் போகவில்லை. காப்பகத்து அம்மாள் நன்றி சொல்லிக் கடிதமே எழுதினார். அது மாப்பிள்ளையின் அறையில் சட்டம்போட்டுத் தொங்கியது. வட்டம் திரும்ப வந்தது. சர்வர் இப்போது பின்னாலிருந்து பதில் வரும்வரை வாயைத் திறக்காமல் காத்திருந்தது. வராவிட்டால் 'பதில் இல்லை, கதவைப் பாருங்கள்' என்று சிவப்பில் சொன்னது. அதற்கு மாப்பிள்ளை 'உறுதிமொழிப் பூட்டு' என்று பெயர் வைத்து, புதிய வசதி என்று விளம்பரம் போட்டார். அந்த வருடத்துக் கண்டுபிடிப்புக்கான கேடயம் அவருக்கே கொடுக்கப்பட்டது. அவர் மேடையேறிப் பேசும்போது, நம்பிக்கை என்பது ஒரு பயணம் என்றார். அவள் கடைசி வரிசையில் உட்கார்ந்து, மனசுக்குள் மட்டும், வெகு நேரம் திட்டித் தீர்த்தாள். பக்கத்தில் இருந்த போன் எடுக்கிற பெண், என்னக்கா சிரிக்கிறீங்க என்றாள். ஒன்றுமில்லை என்றாள். வெளியில் வந்து வாசலில் நின்றபோது, அவ்வளவு நல்ல வசவுகளை வீணாக்கிவிட்டோமே என்று கொஞ்சம் துக்கமாகக்கூட இருந்தது.

அக்கா அவளோடு சில வாரம் சரியாகப் பேசவில்லை. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டாள். அத்தான் மீசையை எடுத்துவிட்டிருந்தார். முகம் உரித்த முட்டை மாதிரி இருந்தது. அவள் அதைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள், பேசாமல் சாப்பிட்டாள். அத்தானுக்கே அது தாங்கவில்லை, உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது அக்கா பக்கத்தில் வந்து நின்றாள்.

"இப்போ அந்தப் பூட்டை நம்பலாமா?"

சொல்வதற்கு ஒன்பது விதமான வேடிக்கை ஒரே நேரத்தில் முட்டிக்கொண்டு வந்தது. கேடயம் வந்தது, பயணம் வந்தது, ரிசார்ட் வந்தது. அவள் குழாயை நிறுத்தினாள்.

"நம்பலாம்க்கா. சிவப்பு வந்தா மட்டும் உடனே போய்ப் பாரு. பேட்டரியை நானே வந்து பாத்துக்கறேன்."

அக்கா அவள் முகத்தையே பார்த்தாள், எங்காவது ஒரு மூலையில் சிரிப்பு ஒளிந்திருக்கிறதா என்று. பிறகு துண்டை எடுத்து நீட்டிவிட்டு, கீழே இல்லத்துப் பின்வாசலை ஒரு தடவை இழுத்துப் பார்க்கப் போனாள்.